தீர்வை இல்லை, சாவடி உண்டு

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்கும் பிரான்ஸின் கலே துறைமுகத்துக்கும் நடுவே உள்ள கடல், மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர் அகலமே கொண்டது; லாரிகளைச் சுமந்து செல்லும் கப்பல் அதை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது; கடலுக்கு அடியில் 1994இல் திறக்கப்பட்ட சுரங்கப் பாதையில் ரயில்மீது ஏறிப் போகும் லாரிக்கோ 35 நிமிஷம் போதும். 1993ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி தொடங்கி 2020ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தின் கடைசி இரவு வரையில், ஸ்பெயின் தேசத்துத் தோட்டங்களில் பறித்த தக்காளியை ஏற்றிக்கொண்டு லண்டன் மார்க்கெட்டுக்குப் போன டிரைவர், தம்முடைய பாஸ்போர்ட்டைக் காட்டியதோடு சரி. வண்டிக்குள் இருந்த சரக்குக்குச் சுங்கக் காகிதம் எங்கே என்று அவரை யாரும் கேட்டதில்லை. 28 வருஷ காலம் அவ்விதம் நடந்த பின், ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிட்டன் விலகியதன் பலனாக, அதே கடலில் மறுபடியும் ஒரு சுங்க எல்லை பிறந்தது. பழைய எல்லைகளை அழிப்பதே நாகரிகம் என்று எண்ணி வந்த காலத்தில், செல்வம் நிறைந்த தேசமொன்று, யுத்தமோ புரட்சியோ இல்லாமல், தன் ஜனங்களின் ஓட்டினாலேயே புதிய சுங்க எல்லை ஒன்றை ஏற்படுத்திக்கொண்டது அபூர்வமான சம்பவம். ஆகையால் இப்படிப்பட்ட எல்லை சரக்குப் போக்குவரத்தை என்ன செய்யும் என்பதைப் பற்றி ஊகித்துப் பேச வேண்டிய அவசியம் இன்று இல்லை, அனுபவமே கண்முன் இருக்கிறது.

2020 டிசம்பர் 24ஆம் தேதி இரு தரப்புக்கும் வர்த்தக உடன்படிக்கை முடிவானபோது, ஒருவர் சரக்குக்கு மற்றவர் தீர்வை விதிப்பதில்லை, அளவுக் கட்டுப்பாடும் வைப்பதில்லை என்று அறிவித்தார்கள். தீர்வையல்லாத தடைகளும் இருக்கமாட்டா என்றே அன்றைய பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன் பேசினார். தீர்வையே இல்லாத இடத்தில் சாவடிக்கு என்ன வேலை என்று சாமானிய ஜனங்கள் நினைத்திருந்தால் அவர்கள்மீது குற்றமில்லை. நம்முடைய சரித்திரத்தில் முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான். தீர்வையைத் தள்ளிவிட்டால் அதைத் தண்ட இருந்தவனும் வீட்டுக்குப் போய்விடுவான் என்பது அவன் காலத்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். இக்காலத்தில் தீர்வை வேறு, சாவடி வேறு. தீர்வை கட்ட வேண்டியதில்லை என்பதை நிரூபிப்பதற்கே சாவடியில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நிரூபணத்துக்கு ஆகும் செலவு சில சமயங்களில் தீர்வையையே மிஞ்சிவிடுகிறது என்பதுதான் டோவரும் கலேயும் உலகத்துக்குக் காட்டும் பாடம்.

காரணம் வெளிப்படையானது. தீர்வை விலக்கு என்பது பிரிட்டனில் விளைந்த பொருளுக்கும் செய்த பொருளுக்குமே உரியது. பிரிட்டன் வழியாக வந்த பொருளுக்கு உரியதன்று. ஆகவே ஒவ்வொரு பெட்டியும் தன் பிறப்பை நிரூபித்தாக வேண்டும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர் என்ற பெரிய கம்பெனி குழந்தைகளுக்காக விற்கும் பன்றிமுக மிட்டாய் ஒன்று உண்டு. அது ஜெர்மனியில் செய்யப்பட்டு, இங்கிலாந்துக் கிடங்குக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மனியும் அயர்லாந்தும் ஐரோப்பிய யூனியனைச் சேர்ந்தவையே. ஆயினும் நடுவே இங்கிலாந்தின் மண்ணை மிதித்துவிட்ட ஒரே காரணத்தால், 2021 ஜனவரியில் அந்த மிட்டாய் தீர்வைக்கு ஆளாகும் அந்நியப் பொருள் ஆகிவிட்டது. யாரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று உத்தேசித்துச் சட்டம் இயற்றவில்லை. எல்லை என்று ஒன்று வந்துவிட்டால், உத்தேசிக்காத இவ்வித விபரீதங்கள் அதன் கூடவே வந்து சேர்கின்றன. அதே கம்பெனி, புதிய உணவுப் பண்டங்களைக் காலத்தில் கொண்டு சேர்க்க முடியாமல், அந்த வருஷமே பிரான்ஸில் பதினொரு கடைகளை மூட முடிவு செய்தது. பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

சிறியவர்களின் கதையைச் சொல்ல வேண்டுமானால் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்குப் போக வேண்டும். அங்கே பிடிபடும் இறாலும் நண்டும் சிப்பியும் உள்ளூர்க்காரர்கள் அதிகமாக உண்பவை அல்ல. பிரான்ஸிலும் ஸ்பெயினிலும்தான் அவற்றுக்குக் கிராக்கி. பழைய ஏற்பாட்டில், மாலையில் கரை சேர்ந்த பிடிப்பு, பல மீனவர்களுடைய பெட்டிகள் ஒரே லாரியில் சேர்ந்து, இரவோடு இரவாகத் தெற்கே ஓடி, மறுநாளோ அதற்கடுத்த நாளோ பிரெஞ்சுச் சந்தையில் உயிர்த்துடிப்போடு இறங்கிக்கொண்டிருந்தது. புதிய எல்லை வந்த பின், ஒவ்வொரு மீனவரின் பெட்டிக்கும் ஏற்றுமதி ஆரோக்கியச் சான்று வேண்டும். அதில் அங்கீகாரம் பெற்ற அதிகாரி அல்லது கால்நடை வைத்தியர் கையெழுத்திட வேண்டும். மீன் சட்டபூர்வமாகப் பிடிக்கப்பட்டது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். சுங்கப் பிரகடனம் வேண்டும். பிரெஞ்சுப் பக்கத்தில் அவர்களுடைய பிரகடனமும் வேண்டும். ஒரு லாரியில் இருபது பேருடைய பெட்டி இருந்து, ஒருவருடைய தாளில் மட்டும் ஓர் எண் பிசகியிருந்தாலும், மற்றப் பத்தொன்பது பேருடைய மீனும் அங்கேயே நின்று கெட வேண்டியதுதான். இந்தச் சில்லறைச் சரக்குச் சேர்ப்பு முறையை, குழப்பம் தாங்காமல், ஒரு பெரிய போக்குவரத்துக் கம்பெனி சில நாட்கள் அடியோடு நிறுத்தி வைத்தது. ஜனவரி 18ஆம் தேதி, மீன் ஏற்றுமதியாளர்களின் லாரிகள் லண்டனில் மந்திரிகளின் காரியாலயங்கள் இருக்கும் வொயிட்ஹால் வீதியில் வரிசையாக வந்து நின்றன. சர்க்கார் 2.3 கோடி பவுண்டு நஷ்ட ஈடு அறிவித்தது. நஷ்ட ஈடு ஒருமுறை வரும். கையெழுத்து வாங்கும் சிரமமோ தினந்தோறும் வரும்.

சரக்குக்கு மட்டுந்தான் சான்று என்று நினைக்க வேண்டாம். சரக்கைத் தாங்கும் மரப் பலகைக்கும் சான்று உண்டு. லாரியில் பெட்டிகளை அடுக்கும் ‘பேலட்’ என்ற பலகைத் தட்டில் வண்டும் புழுவும் ஒளிந்து நாடு விட்டு நாடு போய்விடக் கூடாது என்பதற்காக, அதைச் சூடேற்றிப் பதம் செய்து முத்திரை குத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. ஐரோப்பிய யூனியனுக்கு உள்ளே இருந்த வரையில் ஐரோப்பாவுக்குப் போகும் பிரிட்டிஷ் பலகைகளுக்கு அந்த விதி பொருந்தவில்லை, வெளியே வந்தவுடன் பொருந்தியது. லட்சக்கணக்கான பலகைகளை அவசரமாகப் பதம் செய்ய நேர்ந்தது. டிரைவரின் மதிய உணவும் தப்பவில்லை: மாமிசமும் பாலும் தனி மனிதர் கையில் எடுத்துச் செல்லவும் தடை என்பதால், ஹாலந்துத் துறைமுகத்தில் டச்சு அதிகாரிகள் பிரிட்டனிலிருந்து வந்த டிரைவர்களின் ரொட்டிக்குள் இருந்த பன்றி இறைச்சியைப் பறிமுதல் செய்த காட்சியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்தது. சிரிப்பு வந்தாலும், அந்த அதிகாரி சட்டப்படிதான் நடந்துகொண்டார் என்பதை மறுப்பதற்கில்லை.

சரக்குப் போக்குவரத்தில் பணத்தைக் காட்டிலும் பெரிய மூலதனம் காலம். லாரிக்காரர் தம் லாபத்தைச் சக்கரம் சுழலும் நேரத்தில் சம்பாதிக்கிறார்; நிற்கும் நேரத்தில் இழக்கிறார். வாளையாற்றுச் சோதனைச் சாவடியில் ஒரு காலத்தில் லாரிகள் மைல் கணக்கில் நின்றதைக் கண்டவர்களுக்கும், 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்து அந்த வரிச் சாவடி ஒழிந்த பின் அதே சாலையில் போனவர்களுக்கும் இதை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. டோவர் துறைமுகம் ஊருக்கும் பாறைக்கும் நடுவே நெருக்கப்பட்ட சிறிய இடம். வருஷத்துக்கு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட லாரிகள் அதன் வழியே போய் வந்துகொண்டிருந்தன. ஒரு லாரிக்கு இரண்டு நிமிஷம் அதிகப்படியாகப் பிடித்தால் 17 மைல் நீளத்துக்கு வண்டிகள் தேங்கிவிடும் என்று துறைமுகத்தார் முன்னதாகவே எச்சரித்திருந்தார்கள். 2020 டிசம்பரில், கொரோனாவின் புதிய வகையைக் காரணம் காட்டிப் பிரான்ஸ் இரண்டு நாள் எல்லையை மூடியபோது, ஆயிரக்கணக்கான டிரைவர்கள் கிறிஸ்துமஸ் பண்டிகையைக் கென்ட் மாகாணத்துச் சாலையிலும், பழைய மான்ஸ்டன் விமானத் தளத்திலும், குளிப்பதற்கும் கழிப்பதற்கும் வழியில்லாமல் கழிக்க நேர்ந்தது. அது நோயினால் வந்த கஷ்டமே தவிர சுங்கத்தினால் வந்ததன்று. எனினும் அந்தக் குறுகலான கடற்கழுத்தை ஒரு கை இறுக்கினால் என்ன ஆகும் என்பதை அது எல்லோருக்கும் காட்டிவிட்டது. அதற்குப் பிந்திய மாதங்களில், ஆங்கிலேயக் கம்பெனிக்கு ஏற்றிப் போக மறுத்த ஐரோப்பிய லாரிக்காரர்கள் பலர். போனவர்களும் திரும்பும்போது சரக்கு ஏற்றிக் காகிதத்தோடு மல்லாடுவதைவிட வெறும் வண்டியாகத் திரும்புவதே மேல் என்று கருதினார்கள். வெறும் வண்டிக்கும் டீசல் செலவு உண்டு. அந்தச் செலவு வரும் வழிச் சரக்கின் தலையில்தான் விடியும்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தீர்வை விதிப்பது நல்லதா கெட்டதா என்ற பழைய தர்க்கத்தில் இரு பக்கமும் நியாயம் உண்டு. தீர்வையாகப் பிடுங்கிய பணம் எப்படியும் கஜானாவுக்குப் போகிறது, அதைக் கொண்டு பள்ளிக்கூடமோ பாலமோ கட்டலாம். சாவடியில் வீணாகும் காலமும் காகிதத்துக்காகக் கொடுக்கும் கூலியும் எந்தக் கஜானாவுக்கும் போவதில்லை. பிரிட்டிஷ் வருமான வரி மற்றும் சுங்க இலாகாவே செய்த மதிப்பீட்டின்படி, ஐரோப்பிய வர்த்தகத்துக்காக வருஷத்துக்குச் சுமார் 21.5 கோடி சுங்கப் பிரகடனங்கள் கூடுதலாகத் தேவைப்படும்; அவற்றை நிரப்புவதற்கு பிரிட்டிஷ் வியாபாரிகளுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 750 கோடி பவுண்டு. இந்த வேலைக்கு ஐம்பதாயிரம் கிளியரிங் ஏஜெண்டுகள் வேண்டும் என்று 2020இல் பேச்சு அடிபட்டது. ஐம்பதாயிரம் பேருக்கு உத்தியோகம் கிடைத்ததே என்று மகிழ்பவர்கள், அந்த ஐம்பதாயிரம் பேரும் ஒரு தக்காளியை விளைவிக்கவோ ஓர் இறாலைப் பிடிக்கவோ போவதில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மேலும் இந்தச் செலவு எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதுதான் அதிலுள்ள பெரிய அநியாயம். ஆயிரம் கார்களை ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கும், பத்துப் பெட்டி பாலாடைக்கட்டி அனுப்பும் குடும்பத்துக்கும் ஒரு பிரகடனத்துக்கு ஆகும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றே. முன்னவர் அதற்கென ஓர் இலாகாவையே வைத்துக்கொள்வார், பின்னவர் ஏற்றுமதியையே விட்டுவிடுவார். அப்படி விட்டுவிட்டவர்கள் ஊர்வலம் போவதில்லை, பத்திரிகைக்கு எழுதுவதில்லை, புள்ளிவிவரத்தில் ஒரு வருஷம் இருந்த பெயர் மறு வருஷம் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். பிரிட்டனின் வரவு செலவுப் பொறுப்பு அலுவலகம், விலகாமல் இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட ஏற்றுமதியும் இறக்குமதியும் காலப்போக்கில் 15 சதவீதம் குறைந்திருக்கும் என்று தன் மதிப்பீடுகளில் வைத்துக்கொண்டே வருகிறது. இது சண்டைக்காரர்களின் கணக்கு அன்று, சர்க்காருக்கு வரவு செலவு மதிப்பீடு செய்து தரும் ஸ்தாபனத்தின் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், எல்லையை விரும்பிக் கேட்ட பிரிட்டனுக்குத் தன் பக்கத்துச் சாவடியைத் திறக்கவே மனம் வரவில்லை. பிரிட்டிஷ் சரக்கை ஐரோப்பியர்கள் முதல் நாளிலிருந்தே முறைப்படி சோதித்தார்கள். ஐரோப்பியச் சரக்கை பிரிட்டன் சோதிப்பதாகச் சொன்ன தேதி, உணவு விலை ஏறிவிடும் என்ற அச்சத்தால், ஐந்து தடவை தள்ளிப் போயிற்று. கடைசியில் 2024 ஏப்ரல் 30ஆம் தேதிதான் உணவுப் பொருள்களையும் செடி கொடிகளையும் நேரில் சோதிக்கத் தொடங்கினார்கள். டோவர் வழியாகவும் சுரங்கப் பாதை வழியாகவும் வரும் சரக்குக்கு ஒரு வகைக்கு 29 பவுண்டு வரை, மொத்தம் அதிகபட்சம் 145 பவுண்டு வரையில் கட்டணமும் விதித்தார்கள். எல்லை ஏற்பாடுகளுக்கு ஆகும் மொத்தச் செலவு குறைந்தது 470 கோடி பவுண்டு என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் அந்த வருஷம் கூறியது. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 2.5 கோடி பவுண்டு செலவில் எழுந்த சோதனைக் கட்டடத்துக்கு எதிர்பார்த்த வேலை வரவில்லை. அதற்குள் 2025 மே 19ஆம் தேதி லண்டனில் கூடிய மகாநாட்டில், உணவுப் பரிசோதனைகளைப் பெரும்பாலும் நீக்கும் ஒப்பந்தம் ஒன்றுக்குப் பாடுபடுவது என்று இரு தரப்பும் இணங்கிவிட்டன. கட்டியவற்றை இனி இடிப்பதா, வேறு காரியத்துக்கு விடுவதா என்பது துறைமுகக்காரர்களின் கவலை. இத்தனைக்கும், எல்லைகளற்ற ஒரே சந்தையை ஐரோப்பாவுக்கு வரைந்து கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயர்: மார்கரெட் தாட்சர் அனுப்பிய கமிஷனர் காக்ஃபீல்டு பிரபு, 1985இல் ஏறத்தாழ முந்நூறு தடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் எப்போது நீக்குவது என்று தேதியும் குறித்தார்.

இனி அயர்லாந்து. இந்த விஷயத்தில் அதைப்போல் அனுபவம் பெற்ற பூமி வேறில்லை. ஒரே தீவில் ஒரே நூற்றாண்டுக்குள் சுங்க எல்லை பிறந்தும் வளர்ந்தும் மறைந்தும், மறுபடி பிறக்கப் பார்த்தும் இருக்கிறது. 1922இல் தெற்கே சுதந்திர ராஜ்யம் ஏற்பட்டது. 1923 ஏப்ரல் முதல் தேதி அதற்கும் வட அயர்லாந்துக்கும் இடையே சுங்கச் சாவடிகள் நிறுவப்பட்டன. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லையில், வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருநூறுக்கு மேற்பட்ட சாலைகள் ஓடின; அவற்றில் சாவடியுள்ள சில சாலைகளே ‘அங்கீகரிக்கப்பட்ட’ சாலைகள், மற்றவற்றில் சரக்கோடு போவது குற்றம். பக்கத்துக் கிராமத்துக்கு வெண்ணெய் கொண்டு போக வேண்டியவன் பல மைல் சுற்ற வேண்டியவன் ஆனான். அல்லது கள்ளக் கடத்தல்காரன் ஆனான். டெர்ரி நகரத்து வியாபாரிகள், தலைமுறை தலைமுறையாகத் தங்களிடம் வாங்கி வந்த டோனிகால் மாவட்டத்தை ஒரே நாளில் அந்நிய நாடாகக் கண்டார்கள். பிற்காலத்தில் கலவரம் மூண்டபோது, சாவடிகளே வெடிகுண்டுகளுக்கு முதல் குறியாயின. 1993இல் ஐரோப்பியச் சந்தை ஒன்றானபோது சாவடிகள் எடுபட்டன. 1998 ஏப்ரல் 10ஆம் தேதி சமாதான உடன்படிக்கைக்குப் பின் ராணுவக் காவலும் படிப்படியாக நீங்கிற்று.

அதன் பிறகு அங்கே வர்த்தகம் எப்படிப் பின்னிப் பிணைந்தது என்பதற்கு இரண்டு திரவங்களே போதும். வட அயர்லாந்தில் கறக்கும் பாலில் மூன்றில் ஒரு பங்கு வரையில் தெற்கே போய்த்தான் வெண்ணெயும் பொடியும் ஆகிறது. டப்ளினில் காய்ச்சும் கின்னஸ் பீர் டாங்கர் லாரிகளில் பெல்ஃபாஸ்ட் போய், அங்கே டின்னிலும் புட்டியிலும் அடைபட்டு, ஏற்றுமதிக்காக மறுபடி டப்ளினுக்கே வருகிறது. இந்த லாரிகளை எல்லையில் நிறுத்துவது பழைய புண்ணைக் கிளறுவதாகும் என்று எல்லோரும் உணர்ந்தபடியால், எல்லையை நிலத்திலிருந்து எடுத்துக் கடலில் போட்டார்கள். அதாவது வட அயர்லாந்துக்கும் மற்ற பிரிட்டனுக்கும் நடுவே சோதனை வைத்தார்கள். நிலத்துக்காரருக்கு நிம்மதி; கடலுக்கு அப்பால் இருப்பதே தாய்நாடு என்று கருதுபவர்களுக்கோ தீராத அவமானம். 2021 பிப்ரவரி ஆரம்பத்தில், லார்ன், பெல்ஃபாஸ்ட் துறைமுகங்களில் ஊழியர்களுக்கு மிரட்டல் வந்து சோதனையைச் சில நாள் நிறுத்த வேண்டியதாயிற்று. 2022 பிப்ரவரியில் இதே எதிர்ப்பினால் மாகாண சர்க்கார் கவிழ்ந்து, 2024 பிப்ரவரி வரையில் முழுதாக இரண்டு வருஷம் மந்திரிசபையே இல்லாமல் கிடந்தது. இடையில் 2023இல் விண்ட்ஸர் ஏற்பாடு என்று ஒன்று செய்து, வட அயர்லாந்திலேயே செலவாகும் சரக்குக்குப் பச்சை வழி, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்பு வழி என்று பிரித்தார்கள். பச்சை வழியில் போகும் பால், மாமிசப் பொட்டலங்களின்மேல் ஐரோப்பிய யூனியனுக்கு அன்று என்று அச்சடிக்க வேண்டும். ஒரு பொட்டலத்தின் லேபிலுக்கும் ஒரு மந்திரிசபையின் ஆயுளுக்கும் சம்பந்தம் உண்டு என்று முன்னே யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டோம்.

லாரிகள் செய்த காரியமோ அரசியல்வாதிகள் செய்ததைவிடப் புத்திசாலித்தனமானது. அயர்லாந்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் லாரிகளுக்கு பிரிட்டனே பாலமாக இருந்து வந்தது: டப்ளினில் கப்பலேறி ஹாலிஹெட்டில் இறங்கி, வேல்ஸையும் இங்கிலாந்தையும் கடந்து, டோவரில் மறுபடி கப்பலேறினால் ஒரு நாளைக்குள் கலே. வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் லாரிகள் அந்த வழியில் போயின. எல்லை வந்தவுடன், 2021 ஜனவரி 2ஆம் தேதியே, அயர்லாந்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள ராஸ்லேரிலிருந்து பிரான்ஸின் டன்கர்க்குக்கு நேரான கப்பல் புறப்பட்டது. கடலில் அதிக நேரம், செலவும் அதிகம். ஆனால் காகிதம் இல்லை, எந்த நேரத்தில் போய்ச் சேரும் என்ற நிச்சயம் உண்டு. ஒரே வருஷத்தில் ஐரோப்பாவுக்கு நேரே போகும் லாரிச் சரக்கு ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஹாலிஹெட் தன் வருமானத்தில் ஒரு பகுதியை இழந்தது. வர்த்தகம் ஆற்று நீரைப் போன்றது. அணையிட்டவனோடு வாதாடாமல் பக்கத்துப் பள்ளத்தில் ஓடிவிடுகிறது, பிறகு அணையை எடுத்தாலும் பழைய வழிக்குத் திரும்புவது நிச்சயமில்லை.

நம் துணைக்கண்டத்தில் இதை இன்னும் கொடிய ரூபத்தில் கண்டிருக்கிறோம். தேசப் பிரிவினையில் சணல் ஆலைகள் அனைத்தும் கல்கத்தாவைச் சுற்றி ஹூக்ளிக் கரையில் இந்தியாவிலும், சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தானிலும் அகப்பட்டன. முதல் சில மாதம் பழையபடி நடக்கட்டும் என்று தற்காலிக ஏற்பாடு. 1948 மார்ச் மாதத்திலிருந்து ஒருவருக்கொருவர் சுங்கத்தில் அந்நியர். 1949 செப்டம்பரில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. வர்த்தகம் நின்றே போயிற்று. இந்தியா நெல் விளையும் நிலத்தில் சணல் போட்டது. பாகிஸ்தான் நாராயண்கஞ்சில் ஆதம்ஜீ ஆலையைக் கட்டியது. அந்த ஆலை 2002இல் மூடப்பட்டது. ஹூக்ளிக் கரை ஆலைகளின் நிலையும் சொல்லும்படி இல்லை. ஒரே தொழிலை இரு கரையிலும் இரு முறை கட்டிய செலவை எந்த நிதி மந்திரியும் தம் பட்ஜெட்டில் காட்டியதில்லை.

எல்லையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. தன் நாட்டு விவசாயத்தை நோயிலிருந்து காக்கவும், விஷ மருந்தையும் ஆயுதத்தையும் தடுக்கவும், யாரோடு எந்த உடன்படிக்கை செய்வது என்பதைத் தானே தீர்மானிக்கவும் ஒரு தேசத்துக்கு உரிமை உண்டு. ஓட்டுச்சாவடிக்குப் போன பிரிட்டிஷ் ஜனங்களில் 51.9 சதவீதத்தினர் 2016 ஜூன் 23ஆம் தேதி அந்த உரிமையை வேண்டி ஓட்டளித்தது பரிகாசத்துக்குரிய காரியமன்று. நார்வேயும் ஸ்வீடனும் அறுபது வருஷங்களுக்கு மேலாக ஒருவர் அதிகாரி மற்றவருக்காகவும் சோதனை செய்து, ஒரே இடத்தில் காரியத்தை முடித்து வருகின்றன. நல்லெண்ணமும் நீண்ட பழக்கமும் இருந்தால் சுங்க எல்லையின் உபத்திரவத்தைக் குறைக்கலாம். அங்கும் சாவடி இருக்கிறது, லாரி நிற்கத்தான் செய்கிறது. ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டவர்கள் இந்தச் செலவு இவ்வளவு, இதை இன்னார் தாங்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதே என் புகார். விலையைச் சொல்லி விற்றிருந்தால் ஒருவேளை அப்போதும் வாங்கியிருப்பார்கள். அது அவர்கள் இஷ்டம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் அக்கறை கொள்ளக் காரணம் உண்டு. ஐரோப்பாவை விட்டு விலகியதால் தனியே உடன்படிக்கை செய்யும் சுதந்திரம் பெற்ற அதே பிரிட்டன், 2025 ஜூலை 24ஆம் தேதி இந்தியாவோடு வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. நம் ஆயத்த ஆடைகள்மீது அங்கே இருந்த தீர்வை, சில இனங்களில் 12 சதவீதம் வரையில் இருந்தது, ஒழியும் என்பதால் திருப்பூரில் நியாயமாகவே சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சலுகையும் இந்தியாவில் செய்ததாக நிரூபித்த பனியனுக்கே கிடைக்கும். நூல் எங்கிருந்து வந்தது, துணி எங்கே நெய்தது, சாயம் எங்கே ஏற்றியது என்ற கணக்கைப் பெரிய ஏற்றுமதியாளர் தம் ஆபீசில் வைத்திருப்பார். நாற்பது தையல் மெஷினோடு ஜாப் ஒர்க் செய்பவரிடம் பில் புத்தகம் இருந்தாலே பெரிது. ஆகவே திருப்பூர்க்காரர்கள் தீர்வை எத்தனை சதவீதம் குறைந்தது என்று கேட்பதோடு நிற்காமல், அதைப் பெற எத்தனை தாள் வேண்டும், யார் கையெழுத்திட வேண்டும், எத்தனை நாளாகும், தாளில் பிழை வந்தால் அபராதம் யார் தலையில் என்றும் இப்போதே கேட்க வேண்டும். அதற்குரிய பதில், அவர்களுக்குப் புரியும் தமிழில், டெல்லியில் அல்லாமல் திருப்பூரிலேயே, கட்டணமில்லாமல் கிடைக்கும்படி மத்திய வர்த்தக இலாகா ஏற்பாடு செய்ய வேண்டும்.